இரண்டாம் ஆண்டு மாப்பிள்ளை

"மார்க் ஷீட் கொண்டாந்திருக்கியளா, அத்தை?"

ஈவாஞ்சலின் இப்படிக் கேட்டதும், வாய்க்குப் போய்க்கொண்டிருந்த முந்திரி மக்ரூன் பர்னபாஸின் கையிலேயே நின்றுவிட்டது. அவர் மனைவி விஜிலா டீச்சர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். சுவரோரம் நின்றிருந்த ஈவாவின் அம்மா இன்பமணி, 'உள்ளே போ' என்று மகளுக்குக் கண்ணைக் காட்டினார். மகள் போகவில்லை. கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றாள். அவள் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள்.

"என்ன மார்க் ஷீட்டு?" என்றார் டீச்சர்.

"உங்க மகனோட முதல் வருச மார்க் ஷீட்டு. ரெண்டாம் வருச ஃபீஸ் கேட்டுத்தான வந்திருக்கிய?"



ஒரு வருஷத்துக்கு முன்னால், தூத்துக்குடி மில்லர்புரத்து வீட்டின் இதே சின்ன ஹாலில்தான் நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை பெவின் அதே மாவட்டத்து நாசரேத் ஊர்க்காரன், பல் டாக்டர். மேல்படிப்புக்காகச் சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்திருந்தான். மூன்று வருஷப் படிப்பு. படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அன்றைக்கு விஜிலா டீச்சர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "நாங்க வரதச்சணை வாங்குத குடும்பம் இல்ல. அது பாவம். பிள்ளையோட படிப்புக்கு ஒரு ஒத்தாசை, அவ்வளவுதான்" என்றார். ஜெபம் பண்ண வந்த போதகர் ஐயர் அதைக் கேட்டு உருகிப்போய், வரதட்சணை வாங்காத இப்படிப்பட்ட குடும்பங்களைச் சபையிலே பெருகப் பண்ணும் ஆண்டவரே என்று வேண்டினார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பர்னபாஸும் சொன்னார். ஏழு லட்சத்துக்கான காசோலை அப்போது அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

அந்த ஏழு லட்சம் ஈவாவின் அப்பா கிருபாநிதியின் பி.எஃப். பணம். அவர் துறைமுகத்தில் வந்து இறங்கும் கன்டெய்னர்களின் எண்களைச் சரிபார்க்கிறவர். அடுத்த வருஷம் ஓய்வு. பி.எஃப்.பில் இனி எடுக்க ஒன்றுமில்லை. ஆறுமுகநேரியில் உப்பளத்துக்குப் பக்கத்தில் நாலு சென்ட் மனை இருந்தது. இன்று காலையில் டீச்சர் போன் பண்ணி, "இந்த வருசம் ஒம்போது அண்ணன், ஃபீஸ் கூடிட்டு" என்று சொன்னதும், மதியமே அவர் மனைக்கு ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார். வாங்க வருகிறவரிடம் மண்ணைப் பற்றி என்ன சொல்வது என்றுதான் அவருக்குக் கவலை. அந்த மண்ணில் ஒரு முருங்கைகூட இதுவரை பிழைத்ததில்லை.

ஈவா, தூத்துக்குடியில் ஒரு கலைக்கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் குமாஸ்தா. அவளும் அதே மாதிரி உதவித்தொகையில் படித்தவள்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் அதைப் புதுப்பிக்க, பிச்சைக்காரி மாதிரியும் குற்றவாளி மாதிரியும் ஒரே நேரத்தில் நின்றவள். இன்று காலையில் அவள் மேஜைக்கு முன்னால் தருவைகுளத்திலிருந்து ஷீபா என்றொரு பெண் வந்து நின்றாள். அப்பாவுக்கு மீன்பிடி வள்ளத்தில் வேலை. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஷீபாதான் கூட இருந்து பார்த்தாள். அதனால் வருகைப்பதிவு எழுபத்தைந்து சதவீதம் வேண்டிய இடத்தில் எழுபத்து மூன்றாகிவிட்டது. பழைய மாணவர் அறக்கட்டளை தரும் பன்னிரண்டாயிரம் ரூபாய் இனி இல்லை. விதி அப்படி. "முடியாதும்மா" என்று ஈவா சொன்னபோது அந்தப் பெண் அழவில்லை. "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த 'சரிக்கா'வைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தால், இங்கே ஒன்பது லட்சத்துக்கு மக்ரூன் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

"ஏளா, இது கல்யாணக் காரியம்" என்றார் டீச்சர். "இதுல மார்க் ஷீட்டு எங்க வந்துச்சு?"

"கல்யாணக் காரியத்துக்குக் குடுக்கதுன்னா, அது வரதச்சணைதான அத்தை?"

"சேச்சே! வாயக் கழுவு."

"அப்பம் ஒத்தாசை."

"ஆமா, ஒத்தாசை."

"அப்பம் மார்க் ஷீட்டு வேணும். படிப்புக்குக் குடுக்குத ஒத்தாசைன்னா வருசா வருசம் புதுப்பிக்கணும்லா. மார்க் ஷீட்டு, அட்டெண்டன்ஸ், நன்னடத்தைச் சான்று. எங்க காலேஜ்ல பன்னெண்டாயிரத்துக்கே இவ்வளவும் கேக்கோம்."

 நாசரேத்தில் தலைமையாசிரியையாக இருந்த காலம் முழுக்க அவர் பிள்ளைகளிடம் கேட்டதே இந்த மூன்றைத்தான். கேட்கக்கூடாது என்று இப்போது எந்த வாயால் சொல்வது?

"கேக்கது நியாயந்தானே..." என்று பர்னபாஸ் மெதுவாக ஆரம்பித்தார். மனைவி திரும்பிப் பார்த்தார். உடனே அவர் மக்ரூனை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

"அவனே கொண்டாந்து தருவான்" என்று டீச்சர் கோபத்தோடு எழுந்தார். "என் மகன் நன்னடத்தைய நீ பாத்துக்கிடு. எங்க வேணும்னாலும் கொண்டாந்து காட்டச் சொல்லுதேன்."

"எங்க ஆபீஸ் கவுன்டர்ல. வேலை நாள்ல, பத்துல இருந்து ஒரு மணிக்குள்ள" என்றாள் ஈவா. "வீட்டுல வச்சு நான் விண்ணப்பம் வாங்குததில்ல."

அவர்கள் போன பிறகு இன்பமணி கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றார். "ஏட்டி, உனக்குப் பைத்தியமா? நல்ல பையன்ட்டி அவன். என் கடவாப்பல்ல துட்டு வாங்காம அடைச்சுக் குடுத்தான்."

"ஏழு லட்சம் வாங்கிட்டுத்தாம்மா அடைச்சாரு."

மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிருபாநிதி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "மக்ளே, நிச்சயம் நின்னு போச்சுன்னா ஊரு உன்னத்தான் பேசும். அவனப் பேசாது. அதான் என் பயம்."

"அப்பா, ஒண்ணு கேக்கேன். மூணாம் வருசம் எவ்வளவுன்னு கேட்டியளா?"

அவர் கேட்டிருக்கவில்லை.

"சேருத பிள்ளையட்ட மூணு வருசத்துக்கும் என்ன ஃபீஸ்னு முதல் நாளே சொல்லிரணும்னு, எங்க பிரின்சிபல்ட்ட நான் ரெண்டு வருசமா சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். இந்த வருசம் ஒரு தொகை, அடுத்த வருசம் ஒரு தொகைன்னா, வள்ளத்துக்குப் போறவங்க எங்க போவாங்க? அவ்வளவு பேசுத எனக்கு, என் வீட்டுல என்ன நடக்குன்னு கேக்கத் தோணல பாருங்க."

 பெவினை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதுதான் தொந்தரவு. பதற்றம் வந்தால் எதிரில் இருப்பவரின் பல்லைப் பார்த்துப் பேசுவான். நிச்சயதார்த்தத்தன்று அவளுடைய முன்பல்லின் ஓரம் உடைந்திருப்பதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அதச் சரி பண்ணிராத, நல்லா இருக்கு" என்று சொன்னான். ஒரு பல் டாக்டர் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு காதல் வசனம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை பெவின் உண்மையிலேயே வந்துவிட்டான். அம்மா சொன்னால் அவன் எங்கேயும் வருவான். கையில் ஃபைல், கழுத்தில் டை. கவுன்டரில் வரிசை வராந்தா முழுக்க நீண்டிருந்தது. நேராக முன்னால் போய், "ஈவா" என்றான்.

"வரிசையில வாங்க" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

வரிசையில் அவனுக்கு முன்னால் ஷீபா நின்றுகொண்டிருந்தாள். அவளை ஈவாதான் மறுபடி வரச் சொல்லியிருந்தாள். டாக்டர் சான்று இருந்தால் வருகைக் குறைவை மன்னிக்கலாம் என்று விதிப்புத்தகத்தில் ஒரு மூலையில் எழுதியிருந்ததை, வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தாள்.

ஷீபா டையைப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள். "நீங்க எந்த இயர்ணா?"

"செகண்ட் இயர்."

"எந்த மேஜர்?"

"பல்லு."

"இந்தக் காலேஜ்லயா?"

"இல்ல, சென்னை."

"பொறவு இங்கன எந்த ஸ்காலர்ஷிப்புக்கு நிக்கிய?"

பெவினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமனார் ஸ்காலர்ஷிப்" என்றான்.

"அப்படி ஒண்ணு இருக்கா? எவ்வளவு குடுப்பாங்க?"

"வருசத்துக்கு ஏழு லட்சம்."

ஷீபாவின் கையிலிருந்த காகிதங்கள் நழுவின. முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அதுக்கு எங்க அப்ளை பண்ணணும்ணா?" என்றாள் ஒருத்தி பின்னாலிருந்து.

"அது..." பெவின் அவள் பல்லைப் பார்த்தான். "பையன்களுக்கு மட்டும்தான்."

வரிசையில் பெண்கள் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்த சூப்பிரண்டு எட்டிப் பார்த்தார். பெவின் மட்டும் சிரிக்கவில்லை. தான் சொன்ன வாக்கியத்தைத் தானே முதல் முறையாகக் கேட்டது போல அவன் நின்றுகொண்டிருந்தான். ஷீபா அவனுக்கு இரக்கப்பட்டு, "செராக்ஸ் ரெண்டு காப்பி இருக்கா? கீழ கையெழுத்துப் போட்டியளா? போடலன்னா அக்கா திருப்பி அனுப்பிருவாங்க" என்று தன் பேனாவைக் கொடுத்தாள். அவன் அவள் முதுகுக்குப் பின்னால் ஃபைலை மடியில் வைத்தபடி குந்தி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டான்.

முறை வந்தது. ஷீபாவின் சான்றை வாங்கி வைத்து, "பிரின்சிபல்ட்ட நானே கொண்டு போறேன், போய் கிளாஸைப் பாரு" என்று ஈவா அனுப்பினாள். ஷீபா போவது போலப் போய், தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். பிறகு ஈவா அவனுடைய காகிதங்களைப் புரட்டினாள். எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தான். வருகை நன்றாக இருந்தது. நன்னடத்தைச் சான்றில் 'மிகவும் பணிவானவர்' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூணாம் வருசம் எவ்வளவு கூடும்?"

"எது?"

"ஃபீஸ்தான். முன்கூட்டியே தெரிஞ்சாத்தான எங்க அப்பா எதையாவது விக்க முடியும்?"

"கூடாதே" என்றான் பெவின். "சேரும்போதே மூணு வருசத்துக்கும் சொல்லிட்டாங்க. வருசம் ஏழு. ஒரு பைசா கூடாது."

ஈவாவின் கை காகிதத்தின் மேல் நின்றது.

"அப்பம் ஒம்போதுன்னு உங்க அம்மா சொன்னது?"

"ஒம்போதா?" அவன் முகத்தில் நிஜமான திகைப்பு. "அம்மா ஒம்போதா கேட்டாவ?"

அவனுக்குத் தெரியாது என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அவன் முகம் மெல்ல மெல்ல மாறியதையும் அவள் பார்த்தாள். பெவினுக்கு ஒரு தங்கை உண்டு, பெனிஷா. அவளுக்குச் சாத்தான்குளத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள்.

"பெனிஷாவுக்குப் பாத்திருக்க பையன் எம்.பி.ஏ. படிக்கப் போறானாம்" என்றான் அவன், குரல் இறங்கி. "அவங்களும் வரதச்சணை வாங்குததில்லையாம். படிப்புக்கு ஒத்தாசையா ரெண்டு லட்சம் கேட்டாங்கன்னு அம்மா அழுதுகிட்டு இருந்தாவ."

ஆறுமுகநேரியின் நாலு சென்ட், நாசரேத்தில் ஒரு நிமிஷம் இறங்கிவிட்டு, அப்படியே சாத்தான்குளத்துக்குப் போக இருந்தது. அங்கிருந்து அது எந்த வீட்டுப் பெண்ணுக்காக எந்த ஊருக்குப் போகுமோ, யாருக்குத் தெரியும்.

ஈவா கத்தவில்லை. காகிதங்களை ஒழுங்காக அடுக்கி ஃபைலில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"புதுப்பிக்க முடியாது."

"ஏன்? மார்க் இருக்கு. அட்டெண்டன்ஸ் இருக்கு."

"வருமானம். உதவித்தொகைய இல்லாதப்பட்டவங்களுக்குத்தான் குடுப்போம். உங்க வீட்டுல ரெண்டு பென்சன் வருது. சொந்த வீடு இருக்கு. நீங்க இப்பவே டாக்டரு. எங்க அப்பாட்ட இருக்கது ஒரு முருங்கை கூட முளைக்காத நாலு சென்ட். உங்களுக்குத் தகுதியில்ல."

பின்னால் வரிசை மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பெவின் ஃபைலை எடுத்துக்கொண்டான். காது நுனி சிவந்திருந்தது. போகத் திரும்பியவன் நின்றான்.

"அப்பம் கல்யாணம்?"

"அது இந்தக் கவுன்டர் இல்ல" என்றாள் ஈவா.  "அதுக்கு ஃபீஸும் கிடையாது. வாரதுன்னா அம்மாவக் கூட்டாம தனியா வாங்க."

"அண்ணா, கேட்டாச்சுல்லா, நகருங்க" என்றாள் அடுத்து நின்றவள்.

அவன் போன பிறகு ஈவா ஐந்து நிமிஷம் கவுன்டரை மூடிவிட்டு, உள்ளே தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஷீபாவின் சான்றைப் பிரின்சிபலிடம் கொண்டுபோனாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்த பிரின்சிபல், ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து சொன்னபோது ஷீபா துள்ளினாள். துள்ளிவிட்டு, "அக்கா, அந்த அண்ணன் பாவம்க்கா. நல்ல பல்லு வேற" என்றாள்.

நாசரேத் வீட்டில் அன்று சாயங்காலம் ஒரு வருஷத்துக்கான சத்தம் நடந்தது. விஜிலா டீச்சர் அழுதார், நெஞ்சைப் பிடித்தார், "யாருக்காகச் செஞ்சேன், பெனிஷா வாழ்க்கைக்குத்தான செஞ்சேன்" என்றார். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த பெனிஷாவுக்கு இது எதுவுமே தெரியாது. எம்.காம். படித்த பெண். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, போனை எடுத்துச் சாத்தான்குளத்துக்குப் போட்டாள். "நீங்க எந்த காலேஜ்ல எம்.பி.ஏ. சேந்திருக்கிய?"  அந்தப் பக்கமிருந்து, இன்னும் சேரவில்லை, தொகை வந்ததும் எங்கேயாவது பார்த்துச் சேரலாம் என்று இருப்பதாகப் பதில் வந்தது. மறுநாளே அந்த வீட்டார், பெண் வாயாடி என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். அம்மா ஒரு வாரம் படுத்துக் கிடந்தார். பெனிஷா அவர்கள் ஒதுங்கிய ராத்திரியே நாலு பரோட்டா சாப்பிட்டதாகப் பர்னபாஸ் பிறகு ஒருவரிடம் ரகசியமாகச் சொன்னார்.

ஊர் பேசத்தான் செய்தது. கோயிலில் ஆராதனை முடிந்து வரும்போது சிலர் இன்பமணியைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனார்கள். கிருபாநிதி இரண்டு ஞாயிற்றுக்கிழமை பின் வரிசையில் உட்கார்ந்தார். மூன்றாவது வாரம், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் செருப்பு விடும் இடத்தில் அவரை ஒதுக்கி, "அண்ணாச்சி, உங்க பிள்ள என்னென்ன சான்றெல்லாம் கேட்டா? நானும் கேக்கணும்" என்று கிசுகிசுத்தார். கிருபாநிதி அதற்கடுத்த வாரம் முன் வரிசைக்கு வந்துவிட்டார்.

பெவின் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தான். தனியாக, பஸ்ஸில். மக்ரூன் கொண்டுவரவில்லை. கிருபாநிதியின் முன்னால் நின்றுகொண்டே பேசினான். "மாமா, மீதி ரெண்டு வருசத்துக்கு பேங்க்ல கடனுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். சாயங்காலம் ஒரு கிளினிக்ல வேலையும் பாக்கேன். நீங்க முதல்ல தந்த ஏழையும் திருப்பித் தாரேன். கொஞ்சம் நாளாகும்."

"அதெல்லாம் வேண்..." என்று கிருபாநிதி தொடங்கினார்.

"தரட்டும்" என்றார் இன்பமணி அடுப்படியிலிருந்து.

பெவின் ஈவாவைப் பார்த்தான். இந்த முறை கண்ணைப் பார்த்துத்தான் பேசினான். "நான் வரலாமா?"

"முதல்ல படிப்ப முடிங்க" என்றாள் ஈவா. "கல்யாண ஓலைய அதுக்குப் பொறவு கோயில்ல வாசிக்கச் சொல்லலாம். அதுவரைக்கும் போன் பண்ணுங்க. பல்லு பத்திப் பேசுனாலும் பரவால்ல."

வங்கியில் ஒன்றே ஒன்று பாக்கியிருந்தது. கல்விக் கடனுக்குப் பெற்றோரில் ஒருவர் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுப் பத்திரமும் வைக்க வேண்டும். வீடு விஜிலா டீச்சர் பெயரில் இருந்தது. பர்னபாஸ் எப்படிச் சம்மதிக்க வைத்தாரோ, ஒரு வியாழக்கிழமை நல்ல புடவை உடுத்தி, டீச்சர் நாசரேத்துக் கிளைக்கு வந்தே விட்டார். மேலாளர் சத்தியராஜ் எழுந்து நின்று நாற்காலி போட்டார். வெளியூர்க்காரர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"ரொம்ப சுலபமான கேஸ் டீச்சர்" என்றார் அவர். "ஃபீஸ் கூடவோ குறையவோ போறதில்ல. மொத்தம் எவ்வளவு, மாசம் எவ்வளவுன்னு இன்னைக்கே சொல்லிடலாம். படிப்பு முடிஞ்சு ஒரு வருசம் கழிச்சுக் கட்ட ஆரம்பிச்சாப் போதும்."

"யாரு கட்டணும்?"

"தம்பிதான்."

"எந்தத் தம்பி?"

"உங்க மகன், டாக்டர் தம்பி. அவர்தானே படிக்கிறார்."

டீச்சர் மகனைப் பார்த்தார், மேஜைமேல் கிடந்த தன் வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"படிச்சவனே கட்டணும்னா, பொறவு கல்யாணம் எதுக்கு சார்?"

டீச்சர் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துச் சத்தியராஜ் உரக்கச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. பெவின் மூடியைக் கழற்றி, பேனாவை அம்மாவின் கையில் வைத்தான்.